பாக்கெட்டில் வைத்த இடது கை

இன்று காலை பல் துலக்கிய கையோடு, காப்பிகூடக் குடிக்காமல், ஒரு பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் பேஸ் கிட்டாரின் முதுகில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து எடுத்த ஒன்பது வோல்ட் பேட்டரிதான். சுரீரென்று உப்புக் கரித்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "அந்த மனுசன் போனப்பறம் இந்தப் பழக்கம் உங்களப் புட்சிக்கிச்சா?" என்று கேட்டாள். பிடித்துத்தான் கொண்டுவிட்டது. நீ போட்ட பேட்டரி அது. போன ஆனியில் சித்தூர்க் கலியாணம் ஒன்றில் மாற்றினாய். ஆடியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நேற்று வடமாலபேட்டையில் ஒரு ரிசப்ஷன். நீ போன பிறகு நம் பாட்டுக் குழு மேடையேறியது நேற்றுதான். இனி இந்தக் குழுவில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதும் நேற்றுதான் முடிவாக வேண்டியிருந்தது. முடிவாகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் எந்தப் பாட்டையும் நீ நேராக ஆரம்பித்ததே கிடையாது. முன்னால் கொஞ்சம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பாட்டுக்கு வருவாய். நானும் அப்படியே வருகிறேன், பொறுத்துக்கொள்.

சந்திரகிரி கலியாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? நான் குழுவில் சேர்ந்த முதல் நாள். பாடுவதற்கு முனிரத்தினம், டிரம்ஸுக்கு ஒருவர், கீபோர்டில் நீ. உனக்குப் பகலில் சித்தூரில் மருந்துக்கடை. எனக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, புத்தூரிலிருந்து தினமும் போய் வருவேன். பேஸ் கிட்டார் இருந்தால் குழு பெரிதாகத் தெரியும் என்று முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டிருந்தான். ஐந்து கம்பி, பளபளவென்று சிவப்பு, தூக்கினால் அரிசி மூட்டை. அதை உறையிலிருந்து எடுத்ததும் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "இன்னாபா, செவப்பா கீதுன்னு வாங்கிக்கினு வந்துட்டியா?" உண்மையும் அதுதான் என்பதால் நான் சிரித்துவைத்தேன்.

அன்று முதல் இரண்டு பாட்டும் கொழகொழவென்று போயின. அதுவரை குழுவில் பேஸ் என்கிற அடிச்சத்தம் என்றால் உன் இடது கைதான். எத்தனையோ வருஷமாகக் கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் ஓடிப் பழகிய கை. நான் வந்துவிட்டேன் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அது ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, முனிரத்தினம் மைக்கை மூடிக்கொண்டு திரும்பி, "இன்னாத்துக்குச் சவுண்டு சேறு மாதிரி கீது?" என்றான். என் முகம் செத்துவிட்டது. அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும்போது நீ இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டாய். கைக்குட்டை எடுக்கிறாய் என்று பார்த்தேன். கை வெளியே வரவே இல்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் வலது கையால் மட்டுமே வாசித்தாய். சுருதியும் குறையவில்லை, உன் சிரிப்பும் குறையவில்லை.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று. "ரெண்டு பேரு ஒரே செருப்புல கால வுட்டா எப்டிபா நடக்கறது? ஒருத்தன் கழட்டணும்."

"அது ஏன் நீ கழட்டணும்? நான்தான புதுசு."

"எனக்கு இன்னொரு கை கீதே," என்று சொல்லிவிட்டு நீ ரசத்துக்குக் குழி பறிக்க ஆரம்பித்துவிட்டாய். மேடையில் தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்கிற கலைஞனை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் அதிகம் பார்க்கவில்லை. அன்றே உன்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பாய். இப்போது தைரியமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறே என்னைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனாய். சிவப்பைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும் என்பது உன் உத்தரவு. கடையில் நான் வழக்கம்போலக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொன்றாக என் தோளில் மாட்டி நிற்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாய். திரும்பி வந்ததும், "கையி மரத்துப்போச்சா? தோளு இஸ்துதா?" என்று டாக்டர் மாதிரி விசாரணை. "ரிசப்ஷன்ல பொண்ணு மாப்ள ஒக்காருவாங்க, சொந்தக்காரன் ஒக்காருவான். நீதான் நிக்கணும். நிக்க முடியறத வாங்கு." அப்படி மிஞ்சியதுதான் இந்தப் பழுப்பு நிற, நாலு கம்பி, எளிய கிட்டார். தோள்வார் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு நல்ல தோலில் வாங்க வைத்தாய். கிட்டாரை விட்டுவிட்டு வாரை இவ்வளவு நேரம் தடவிப் பார்க்கிற ஆளை அந்தக் கடைக்காரர் பார்த்திருக்க மாட்டார்.

பேட்டரியில் ஓடும் கிட்டார் என்றதும் நான்தான் தயங்கினேன். பாதிப் பாட்டில் தீர்ந்துபோனால் மானம் போகுமே. நீயோ, நம் மண்டபங்களில் கிடைக்கிற சவுண்டு மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் கிட்டாரிலிருந்தே கொஞ்சம் தெம்பு போய்ச் சேர வேண்டும் என்றாய். "பேட்டரிய நான் பாத்துக்கறேன், நீ வாசிப்பப் பாரு." சொன்னபடியே கடைசிவரை பார்த்துக்கொண்டாய். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கு முன்னாலும் கழற்றி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மருந்துக்கடைக்காரன் தோரணையில் தீர்ப்பு வரும்: "இன்னும் ஒரு கலியாணம் தாங்கும்." ஒயர் செருகியிருக்கும்வரை கிட்டார் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும் என்பதால், கடைசிப் பாட்டு முடிந்து நான் வணக்கம் போடுவதற்குள் என் பின்னால் வந்து ஒயரைப் பிடுங்கிவிடுவாய். கூட்டம் கை தட்டும்போது எனக்கு முதுகில் ஒரு இழுப்பு விழும். எனக்குக் கைதட்டல் என்றால் இன்றைக்கும் அந்த இழுப்புதான்.

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியை வாங்கியதும் உன் முறையில்தான். எத்தனை வாட்ஸ் என்று நான் கேட்க, எத்தனை படி ஏற வேண்டும் என்று நீ கேட்டாய். லிஃப்ட் இருக்கிற மண்டபத்தில் நமக்கு எப்போது ப்ரோக்ராம் வந்தது? வாங்கிய பிறகும் ஒரு சோதனை வைத்திருந்தாய். நான் மேடையில் தனியாக வாசிக்க, நீ பந்திக் கூடத்துக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்துகொள்வாய். தம்ளரில் தண்ணீர் ஆடினால் சத்தம் கூடுதல். தரையில் வைத்த கால் மட்டும் உணர்ந்தால் சரி. "துன்றவனத் தொந்தரவு பண்ணக் கூடாது. ஆனா அவன் காலுக்கு வரணும்." இந்தச் சோதனைக்காக நீ முன்பந்தியிலும் சாப்பிட்டு, ப்ரோக்ராம் முடிந்து எங்களோடு கடைசிப் பந்தியிலும் சாப்பிட்டதை முனிரத்தினம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

கங்காதர நெல்லூர்த் திருவிழாவில் என் ஆம்ப் உம்மென்று உறுமிக்கொண்டே இருந்ததே, அதை மறக்க முடியுமா? எல்லாரும் என்னை முறைத்தார்கள். நான் ஒயரை மாற்றினேன், பிளக்கைத் திருப்பிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நீ எழுந்து போய்ச் சமையல்காரரிடம் ஒரு பக்கெட் தண்ணீர் வாங்கி, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்த எர்த் குழியில் ஊற்றினாய். உறுமல் அப்படியே அடங்கியது. "மூணு மாசமா மழ இல்ல. பூமிக்கே நாக்கு வறண்டு கீது, உன் ஆம்ப் இன்னா பண்ணும்?" என்றாய். அன்று முதல் நம் வண்டியில் கிட்டாரோடு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் பயணம் செய்தது.

நீ போய்ச் சில வாரத்தில் அந்த ஆம்பும் போனது. வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன், கரண்ட் ஏறி இறங்கியது, குப்பென்று புகை. ரிப்பேருக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. குழுவும் சும்மாதான் கிடந்தது. வடமாலபேட்டை ரிசப்ஷன் ஒத்துக்கொண்ட பிறகு முனிரத்தினம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"சுகன்யான்னு ஒரு பொண்ணுபா. திருவள்ளூர்லருந்து வந்து ஸ்ரீசிட்டில வேல பாக்குது. கீபோர்டு பின்னுது. எடது கையில பேஸும் அதுவே போட்டுக்குது. தப்பா நெனச்சிக்காத, ஒரு ஆளு கொறைஞ்சா வண்டிலயும் தாராளமா ஒக்காரலாம். வடமாலபேட்டைக்கு வா, ரெண்டு பேரும் வாசிங்க. அப்பால பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது; என் ஆம்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவன் எத்தனை ஊர் வந்திருக்கிறான். ஒரே ஒரு ப்ரோக்ராமுக்கு என்றால் ஆம்பை வாடகைக்கு எடுத்திருக்கலாம். ஆனாலும் போன ஞாயிறு திருப்பதிக்குப் போனேன். கடைப் பையன் ஆளுயர ஆம்ப் ஒன்றைக் காட்டி அதன் பெருமையை அளந்தான். நான் ஒரு கையால் தூக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் கடையின் மாடிப்படியில் இறங்கி ஏறினேன். "கொனகமுந்தே மோஸ்தாரா சார்?" என்றான் அவன், வாங்குவதற்கு முன்பே சுமக்கிறீர்களே என்று. ஆமாம்பா, எங்கள் குழுவில் அப்படித்தான் என்றேன். மிக்சருக்குத் தனி ஒயர் போக வழி இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்துக்கொண்டேன். தடித்த ஒயர் இரண்டு, சுருதி பார்க்க ஒரு ட்யூனர், ஒரு புது பேட்டரி. பக்கெட் வீட்டிலேயே இருந்தது.

நேற்று சாயங்காலம் டிரம்ஸ்காரரிடம் கிட்டாரைக் கொடுத்துத் தடித்த கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, நானே பந்திக் கூடத்துக்குப் போனேன். பேப்பர் கப்பில் தண்ணீர் அசையாமல் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன், காலுக்கு வந்தது. சாப்பிடவில்லை. அந்த வேலையை உன்னளவுக்கு யாராலும் செய்ய முடியாது.

சுகன்யா நிஜமாகவே நன்றாக வாசிக்கிறாள். மரியாதையான பெண். ஆனால் முதல் பாட்டில் அவள் இடது கையும் நானும் மோதிக்கொண்டோம், சந்திரகிரி மாதிரியே, அதே சேறு. இரண்டாவது பாட்டில் நான் உன்னை நினைத்துக்கொண்டேன். எனக்கு இன்னொரு கை இல்லை. இருந்தால் பாக்கெட்டில் விட்டிருப்பேன். அதனால் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டு, அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தெளிவாகத்தான் இருந்தது. சரி, இந்தக் குழு நான் இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்துகொண்டேன். விசித்திரம் என்னவென்றால் அப்போது வயிறு எரியவில்லை. நல்ல வாசிப்பு நல்ல வாசிப்புதானே.

பாட்டு முடிந்ததும் அவள் என் பக்கம் சாய்ந்தாள். "அண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீயே போடறியேம்மா. ரெண்டு பேரு எதுக்கு?"

"இல்லண்ணா. சத்தம் வருது, ஆனா காலுக்கு ஒண்ணுமே வரல. முதல் பாட்டுல வந்துது."

உன்னை அவள் பார்த்ததே இல்லை. உன் வாசகத்தை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. முனிரத்தினம் மைக்கைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், இல்லை என்று அவன் சத்தியம் செய்வான்.

"நீங்க வாசிங்கண்ணா," என்றாள் சுகன்யா. பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள், "நான் இந்த எடது கைய எங்க வெச்சிக்கறது?"

"பாக்கெட்ல," என்றோம் நானும் முனிரத்தினமும் ஒரே நேரத்தில்.

"இந்த டிரெஸ்ல பாக்கெட் இல்லண்ணா," என்று அவள் சொல்ல, டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு அவள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டுவரை அது மடியிலேயே இருந்தது. வண்டியில் திரும்பும்போது ஆம்பை முனிரத்தினம்தான் காலிடுக்கில் வைத்துக்கொண்டான், யாரும் கேட்காமலே. அடுத்தது புத்தூர், வர்றல்ல என்றான். வர்றேன் என்றேன். பேச்சு அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கடைசிப் பாட்டு முடிந்து கூட்டம் தட்டியபோது முதுகில் இழுப்பு விழும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். பிறகு என் கையே போய் ஒயரைப் பிடுங்கியது.

காலையில் இரண்டு பேட்டரியையும் மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். புதியதைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். இந்த மடலை எழுதிக்கொண்டே உன் பேட்டரியை இன்னொரு முறை நாக்கில் வைத்து, உன்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டேன். உப்பு இன்னும் இருக்கிறது. அதையே திரும்பப் பெட்டியில் வைத்துத் திருகிவிட்டேன். புதியது சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னும் ஒரு கலியாணம் தாங்கும்.