பாகற்கொடியும் பேஸ்மென்ற் சுவரும்

மில்லிக்கன்,
நவம்பர் 23

அன்புள்ள மகள் நிரோஷினிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், வீட்டுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. கல்கரிக் குளிரில் நீயும் மருமகனும் பேரன் றொய்சனும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். போனில் சொன்னால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் வழக்கம்போல் சமாளித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நிலத்தடிப் பேஸ்மென்ற் அறையில் மூன்று கிழமை தங்கலாமா, பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, கீழே ஈரம் இல்லையே என்று ஓகஸ்ட்டில் கேட்டாய். பப்படம் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு என்றேன். அது பொய். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் இருந்தவன் காலம் தாழ்த்திப் போடும் திருத்தம் இது.

ஏப்ரலில் பனி உருகியபோதே தெற்குச் சுவரில் ஒரு வெடிப்பும் அதன் கீழே கையகல ஈரமும் கண்டேன். அம்மா காண முதல் புத்தக அலுமாரியை அதற்கு முன்னால் தள்ளி, கீழ்த்தட்டில் என் பழைய பத்திரிகைக் கட்டுகளை அடுக்கினேன். கோடை முழுக்க அவை தண்ணீரைக் குடித்தன. நான் எழுதியவற்றுக்குள் அவ்வளவு ஆழமாக எந்த வாசகரும் இறங்கியதில்லை. ஒக்ரோபரில் வீடு வீடாகச் சொல்லும் செபமாலைக்கு எங்கள் வீட்டு முறை வந்தது. மேலே இடம் போதாதென்று அம்மா எல்லாரையும் கீழே இருத்தினார். அதற்கு முதல் இரண்டு நாளும் விடாத மழை. செபத்தை நடத்திய றெமிஜியஸ் அண்ணை முழந்தாளிலிருந்து எழும்பியபோது காற்சட்டையில் இரண்டு ஈர வட்டம். காப்பெற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பஸ்ரியன், உன்ர வீட்டிலயும் லூர்து ஊத்துக் கிளம்பியிட்டுதடா, சொல்லியிருந்தா போத்தல் கொண்டு வந்திருப்பம்” என்றார். ஈரம் வந்த வழியைத் தேடிப் பத்துப் பேர் சேர்ந்து அலுமாரியை நகர்த்தினார்கள். ஊராற்ற பிழையெல்லாம் முன்பக்கத்தில போட்ட மனிசன் தன்ர சுவரை மட்டும் அலுமாரிக்குப் பின்னால போட்டிருக்கிறார் என்று அம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அடுத்த கிழமை அத்திவாரம் திருத்துகிற ராகுலன் வந்தான். வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு அவன் முதலில் கேட்டது, சுவரோடு மண் ஏன் இவ்வளவு உயரம் என்று. பாகலுக்கு என்றேன். சுவரின் சூடு கொடிக்கு நல்லதென்று ஒன்றரை அடி மண் அணைத்தவனும் நான், கூரைப் பீலித் தண்ணீரைக் குழாயால் அந்தப் பாத்திக்குள் திருப்பியவனும் நான், அந்தக் கெட்டித்தனத்தைக் கோயில் வாசலில் நாலுபேருக்குப் படிப்பித்தவனும் நானே. நிலம் வீட்டைவிட்டு வெளியே சரியவேண்டுமாம், நான் சிரத்தையாக உள்ளே சரித்திருக்கிறேன். “அங்கிள், நீங்கள் பாகலுக்குத் தண்ணி விடேல்லை, பேஸ்மென்ற்றுக்கு விட்டிருக்கிறியள்” என்றான். நீ படம் பார்த்து மெச்சிய அந்தப் பதினான்கு அங்குலக் காய் காய்த்தது, உன் மகனுக்குப் போட இருந்த கட்டிலுக்கு நேர் வெளியே.

சுவரை அடிவரை தோண்டி, வெடிப்பை அடைத்து, மேலே கறுத்த றப்பர் விரிப்பு ஒட்டி, அடியில் வடிகுழாயும் சல்லியும் போட்டு, மண்ணையும் வெளிப்பக்கம் சரித்து மூடியிருக்கிறார்கள். காப்பெற்றை எறிந்தாயிற்று. மழை பெய்யும்போதெல்லாம் சுவரோரம் ஒரு பத்திரிகைத் தாள் விரித்துப் பார்க்கிறேன். மூன்று மழைக்குத் தாள் காய்ந்தே கிடந்தது. போன வெள்ளிக்கிழமை மூலையில் ஒரு பொட்டளவு ஈரம். பழைய ஈரம்தான் அங்கிள், காய்ஞ்சிடும் என்கிறான் ராகுலன். அவன் சொல்வது சரியாயிருக்கலாம். ஆனால் உறுதிப்படுத்தாத செய்தியை ஒருமுறை உனக்குச் சொல்லிவிட்டேன், இரண்டாந்தரம் சொல்லமாட்டேன். பனி உருகும்போதும் அந்தத் தாள் நனையாமல் இருக்கட்டும், பிறகு நம்புவோம். ஆகவே நீங்கள் மூவரும் மேலே எங்கள் அறையில். அம்மாவும் நானும் கீழே. அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார், அதை நானும் ஏற்றுக்கொண்டேன்.

மாதாவின் காவல் உங்களோடு இருக்கட்டும். பிள்ளையின் இழுப்பு மருந்தைப் பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வை. றெமிஜியஸ் அண்ணையைக் கண்டால் பாகற்காய்க் கதை மட்டும் எடுக்காதே.

இப்படிக்கு,
சுவர்ப்பக்கம் படுக்கப்போகும் உன் அப்பா,
பஸ்ரியன்