டப்பாவின் இன்னொரு வேலை

தர்ஷினி அப்பாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். போட்டுச் சாப்பிடுங்கள்.

பாடாங் செராய் ஊர் மண்டபத்தில் மனவியல் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி என்னை உட்காரவைத்தாள். முன்னால் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அட்டை டப்பா நிறையக் குத்தூசி. மெழுகு மேசையில் சொட்டாமல் வர்த்தியைப் பலகைச் சுவரில் நிறுத்த வேண்டுமாம். "மனசுல தோணுறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்கக்கா" என்றாள்.

ஊசிகளைக் கொட்டினேன். காலி டப்பாவை ஊசியால் சுவரில் குத்தி, அதற்குள் வர்த்தியை நிறுத்தினேன்.

"எப்படிக்கா இவ்ளோ சீக்கிரம்? நெறைய பேருக்கு டப்பான்னா ஊசி வைக்கத்தான் லா. வேற வேலைக்கு ஆவும்னு தோணவே தோணாது."

நம் வீட்டில் எந்தச் சாமான் தன் வேலையை மட்டும் பார்த்தது? இஸ்திரிப் பெட்டியை என் தோளில் அழுத்தினீர்களே, சட்டை மடிப்புக்கா? சுடுதண்ணீரை என் காலில் ஊற்றியது டீக்கா?

நேற்று நீங்கள் அடித்ததில் தர்ஷினியின் முதுகில் உங்கள் பெல்ட்டின் கொக்கி பதிந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை.

பெல்ட்டைத் தேடாதீர்கள். எங்கள் துணிப்பெட்டிக்குப் பூட்டு இல்லை. பெட்டியை இறுக்கிக் கட்டப் பெல்ட்டை எடுத்துக்கொண்டேன்.

இனி உங்கள் கைக்கு எட்டாதவள்