சதாபிஷேகத்துக்கு மூன்று பேர் வருகிறோம்

மல்லேஸ்வரம்,
புதன்கிழமை.

அண்ணா சீனிவாசராகவனுக்கு அலமு நமஸ்காரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். புனேயிலிருந்து நீங்கள் அனுப்பிய சதாபிஷேகப் பத்திரிகை நேற்று வந்தது. ‘ஒரே சகோதரி அலர்மேல்மங்கை’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். மண்டபம் எங்கள் மல்லேஸ்வரத்திலேயே என்பது எனக்கு ரொம்ப வசதி.

என் பேத்தி வித்யாலட்சுமிக்கு நாடகம் என்றால் உயிர். அதுவும் வீட்டில் யாரும் வாய்விடாத சங்கதி என்றால் முதல் டிக்கெட் அவளுடையது. பார்த்துவிட்டு வந்து, நான் தோசை வார்க்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆளாக நடித்துக் காட்டுவாள். போன தடவை வந்தபோது, ‘கண்ட கண்றாவியும் பாக்கறாளேடி, அடக்கி வை’ என்றீர்கள். நான் அடக்கவில்லை. போன ஆடியில் அவளோடு நானும் போனேன்.

பிடித்தவனைக் கட்டிக்கொள்வேன் என்ற பெண்ணை, புத்தி சரியில்லை என்று வீட்டாரே ஆஸ்பத்திரியில் தள்ளிவிடும் கதை. நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் பேச மைக் கொடுப்பார்கள். வித்யா கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவள், அத்தனை பேர் முன்னால் கன்னடமும் தமிழுமாகப் பேசினேன். அடுகோடியிலிருந்த ஜெயராஜைத்தான் கட்டிப்பேன் என்ற நம் தங்கை வனஜாவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று, உங்கள் பெயரைச் சொல்லியே சொன்னேன். வீட்டு மனுஷர் இன்னொருத்தர் கையெழுத்து வேண்டும் என்று நீங்கள் நீட்டிய காகிதத்தில் போட்டவள் நான்தான் என்றும் சொன்னேன். மூன்றாம் வருஷம் ஜுரத்தில் போய்விட்டாள் என்று அப்போது நான் இருந்த திருச்சிக்கு நீங்கள் தந்தி அடித்ததையும் விடவில்லை.

மறுநாளே வித்யா, வனஜாவை நீங்கள் தள்ளிய அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். பழைய பதிவு நோட்டு கிடைக்க ஐந்து வாரம் ஆனது. ஜுரமும் இல்லை, சாவும் இல்லை, அண்ணா. குணமாகிவிட்டாள், அழைத்துப் போங்கள் என்று உங்களுக்கு நாலு கடிதம் போட்டிருக்கிறார்கள். யாரும் வராததால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து அழைத்து வந்துவிட்டோம்; வனஜா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ‘நீயும் கையெழுத்துப் போட்டியாமே, அக்கா?’ என்றாள். என் பங்கை நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

சம்பந்திகளும் உங்கள் பேங்க் சிநேகிதர்களும் உட்காரும் முன்வரிசையில் எங்களுக்கு மூன்று நாற்காலி போட்டு வையுங்கள். பத்திரிகையை மறுபடி அச்சடிக்க வேண்டாம். நாங்களே வாயால் திருத்திச் சொல்லிக்கொள்கிறோம். தேதியை மாற்றினால் புனேக்கே வருவோம். வித்யா ரயில் பார்த்து வைத்திருக்கிறாள். மன்னிக்கு இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.

விசேஷத்தைச் சொன்னதும் வனஜா, அண்ணாவிடம் ஒன்றே ஒன்று கேட்கணும் என்றாள். என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குவரை பெருமாள் உங்கள் உடம்பையும், முக்கியமாகக் காதையும், நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அலமு