அப்பா கை நனைக்காத வீடு

மே 6

கீழ் அறைக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. என் வீட்டுக்காரர் ஜக்தார் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் கட்டிலைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு ஜன்னல் பக்கம், அப்பாவுக்குச் சுவர்ப் பக்கம். கடுகுக் கீரை வாங்கி வேகவைத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வெண்ணெய் இருக்கிறது, மக்காச்சோள மாவு இருக்கிறது. டிப்போவில் லீவு சொல்லிவிட்டேன், நாளைக்கு என் பஸ்ஸை வேறு யாராவது ஓட்டட்டும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையால் சமைத்து அப்பாவுக்குப் போட்டதே இல்லை. நாளைக்குப் போடப் போகிறேன்.

மே 7

வந்துவிட்டார்கள்!

வாசற்படியின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு உள்ளே அழைத்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவர் அழுகை அவ்வளவுதான்.

தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்தார். டீ கொடுத்தேன், "இப்பத்தான் விமானத்துல குடிச்சேன்" என்றார். ரொட்டியும் கீரையும் எடுத்து வைத்தால், "வயிறு சரியில்லம்மா." சாயங்காலம் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மாவுருண்டையில் இரண்டைத் தின்று, விமான நிலையத்தில் வாங்கிய பாட்டில் தண்ணீரைக் குடித்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எனக்குத் தெரியாததா என்ன? எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க வந்தவர், மாமியார் வீட்டு முற்றத்தில் வேகாத வெயிலில் நின்று பேசிவிட்டு, அடுத்த ஊர் அடிபம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டு போனார். ஆனால் பஞ்சாப் எங்கே, கனடா எங்கே? இவ்வளவு தூரம் வந்தால் அதெல்லாம் தானாகக் கழன்றுவிடும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மக்கு.

மே 9

கேட்டே விட்டேன்.

"அப்பா, இது மாமியார் வீடு இல்ல. நானும் பஸ் ஓட்டிச் சம்பாதிச்சு வாங்கின வீடு."

"பத்திரத்துல யாரு பேரு?"

"ரெண்டு பேர் பேரும்."

"அப்ப மாப்பிள்ளை வீடுதான். குடுத்த கையாலயே வாங்கித் திங்கச் சொல்றியா? எங்கப்பன் செஞ்சதில்ல, நானும் செய்ய மாட்டேன். கோவிச்சுக்காத ரூபி."

"அஞ்சு வருஷம் இருக்கலாம்னு விசா குடுத்திருக்காங்க. அஞ்சு வருஷமும் பட்டினி கிடப்பீங்களா?"

"அந்த விசாவுல என்னான்னு போட்டிருக்கு? வந்து போறவங்கன்னுதான? வந்திருக்கேன், போயிடுவேன். நவம்பர்ல கோதுமை விதைக்கணும். டிக்கெட்டு கையில இருக்கு."

விசா ஆபீஸரும் அப்பாவும் ஒரே கட்சி. ஒற்றைப் பெண்ணாகப் பிறந்த நான் எதிர்க்கட்சி.

மே 12

அப்பா குருத்வாராவைக் கண்டுபிடித்துவிட்டார்.

மே 21

காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. குருத்வாரா லங்கரில் யார் போய் உட்கார்ந்தாலும் சாப்பாடு உண்டு. அது குருவின் வீடு, மாப்பிள்ளை வீடு இல்லை. அங்கே பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, ஒரு கேனில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார். எங்கள் சர்ரே ஊர் மழை தெரிந்ததுதானே. தலைப்பாகைமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு அவர் தெரு முனையில் வருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஜக்தார் இன்று அந்தக் கேனைப் பார்த்துவிட்டுச் சும்மா இல்லாமல், "மாமா, அங்கயும் இதே முனிசிபாலிட்டி தண்ணிதான்" என்றார்.

"தண்ணி ஒண்ணுதான் மாப்பிள்ளை. குழாய் வேற" என்றார் அப்பா.

ஜூன் 8

அம்மா கதை வேறு. அப்பா சீட்டாட பார்க்குக்குக் கிளம்பியதும், "ரூபி, அடுப்புல என்ன இருக்கு?" என்று மேலே ஏறி வந்துவிடுகிறாள். முள்ளங்கி பராத்தா, ஊறுகாய், இரண்டு கப் டீ. பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாதிரி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம். இன்று கதவு திறக்கும் சத்தம் கேட்டு அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடினாள். வந்தது தபால்காரர்.

"உங்கப்பாவுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?" என்று அப்புறம் சிரித்தாள். "செருமிக்கிட்டுத்தான் உள்ள வராரு. இல்லேன்னா செருமுற ஆளா அவரு?"

"அப்ப நீ அவர்கிட்டச் சொல்லேன்மா."

"நாப்பத்தஞ்சு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்ட ஆளா?"

ஜூன் 19

அப்பா இன்று என் பஸ்ஸில் ஏறினார். நான் தலையாட்டி உள்ளே போகச் சொன்னேன். மாட்டேன் என்று நின்று, பைக்குள் கைவிட்டுச் சில்லறையை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். பின்னால் வரிசை நின்றது. முன் சீட்டில் உட்கார்ந்து, குருத்வாரா ஸ்டாப் வரும் வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது மட்டும், "பிரேக்கு மெதுவாப் போடுற. நல்லது" என்றார்.

பார்க்கில் போய் மார்தட்டியிருக்கிறார் போல. சாயங்காலம் அவர் சீட்டுக் கூட்டாளிகள் நாலு பேர் காரணமே இல்லாமல் ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிப் போனார்கள்.

ஜூலை 14

கீழே அப்பா இருமுகிறார், இங்கே கேட்கிறது. பத்துப் படி இறங்கினால் அப்பா. அப்படியிருந்தும் அவர் ஊரில் இருந்தபோது எவ்வளவு ஏங்கினேனோ அவ்வளவு ஏங்குகிறேன். அப்போதாவது தூரம் என்று ஒரு சாக்கு இருந்தது.

எனக்கு என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன சமைச்ச?" என்று அப்பா கேட்க வேண்டும். உப்புப் பத்தவில்லை என்று திட்ட வேண்டும். அது போதும்.

ஜூலை 30

ஒரு யோசனை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "திருட்டுக் கழுதை" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

ஆகஸ்ட் 5

மதிய ஷிஃப்டாகக் கேட்டு வாங்கிவிட்டேன். காலையில் நேராகக் குருத்வாரா அடுப்படி. அங்கே யார் வந்து சேவை செய்தாலும் சரி என்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தேய்க்கிறார்கள். நடுவில் ஜஸ்பால் அக்கா, ஊர் வம்பு முழுவதும் அவள் மடியில். நானும் உட்கார்ந்துவிட்டேன். என் ரொட்டி எப்போதும்போல ஒரு பக்கம் கோணல். "கனடா மேப்பா இது?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

தடுப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அப்பா வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார், ரொட்டி விழுந்தது. என் ரொட்டி! பிட்டுப் பருப்பில் தோய்த்து வாயில் போட்டார். மறுபடி கை நீட்டினார்.

துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஜஸ்பால் அக்கா கேட்டதற்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேறு யாரிடமாவது கொட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 27

ஷிஃப்ட் இருக்கும் நாளெல்லாம் போகிறேன். அப்பா முகத்தில் சதை பிடித்திருக்கிறது என்கிறாள் அம்மா. ஜக்தார் என் ரொட்டியைப் பார்த்து, "எனக்குக் கோணல், உங்கப்பாவுக்கு மட்டும் பிரசாதமா?" என்கிறார்.

செப்டம்பர் 11

போயிற்று. எல்லாம் போயிற்று.

இன்று பரிமாற ஆள் இல்லை என்று ஜஸ்பால் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள். அப்பா முன்னால் குனிந்து, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நல்லாச் சாப்பிடுங்க பெரியவரே, உங்க பொண்ணு கைப்பட தேச்ச ரொட்டி! உங்களுக்குன்னே தினமும் வந்து உக்காந்து கண்ணு கலங்கித் தேய்க்கிறா, பாவம்!" என்றாள்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். என்னத்தைச் சொல்ல.

அப்பா கையிலிருந்ததை மென்று விழுங்கினார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எழுந்தார். தடுப்புப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

செப்டம்பர் 12

அப்பா குருத்வாராவுக்குப் போகவில்லை. கேன் காலியாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். "என்னத்த செஞ்சு வச்ச, இருந்த சோத்துலயும் மண்ணு" என்கிறாள் அம்மா. அவளுக்கும் பயம்.

நான் ஏன் இப்படிச் செய்தேன்? கும்பிடப் போன இடத்தில்கூட என் அப்பாவை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லையே நான்!

செப்டம்பர் 13

பஞ்சாபிக் கடை ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தால், அப்பா. தோளில் ஒரு மூட்டை கோதுமை மாவு. கையில் ஒரு பை. மூச்சு வாங்க ஏறி, மூட்டையை இறக்கி வைத்து, முதல் வேலையாகச் சில்லறை போட்டார்.

"ரூபி, இது என் மாவு. என் காசு. இதுல எனக்கு ரொட்டி போடு."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். பின்னால் ஒரு வெள்ளைக்காரர் எதற்கோ கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"பருப்பும் இருக்கு. உப்பும் வாங்கிட்டேன்."

"அப்பா, கோவம் இல்லையா?"

"மொத நாளே தெரியும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காகிதம். பத்து வயசுலேர்ந்து அப்படித்தான தேய்க்கிற. வேற யாரு போடுவா அந்த மாதிரி?" கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஊருக்கே தெரிஞ்சப்புறம் நான் தெரியாத மாதிரி எப்படி உக்காந்து திங்க? ஓட்டு, ஓட்டு. சனம் காத்துக்கிட்டிருக்கு."

செப்டம்பர் 20

சமையலறையில் இப்போது இரண்டு டின். அப்பா மாவு, எங்கள் மாவு. இரண்டு உப்பு ஜாடி. "அடுப்பு கேஸு யாரோடது?" என்று கேட்க வாயெடுத்த ஜக்தாரை அம்மா மேஜைக்கு அடியில் மிதித்தாள்.

அப்பா மேலே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். தண்ணீர் மட்டும் இன்னும் கேனிலிருந்துதான். சாப்பிட்டதும் தட்டை எடுத்துப்போய் தானே கழுவித் துடைத்துத் தன் அறையில் வைத்துக்கொள்கிறார். ஊரில் அப்பா தட்டை எடுத்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்ட இடத்தில் அப்படியே போட்டுவிட்டு வயலுக்குப் போவார், நானோ அம்மாவோ எடுப்போம். இங்கே நான் கை நீட்டினால் தட்டை நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார்.

இவ்வளவு கிடைத்ததே, இதற்கு மேல் ஆசைப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்கிற மனசா இது?

அக்டோபர் 16

டின்னில் மாவு இறங்கிக்கொண்டே வருகிறது. மாவு தீரவும் டிக்கெட் தேதி வரவும் சரியாக இருக்கும்போல.

எங்கள் மாவிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? டின்னைத் திறந்துகூட வைத்தேன். மூடிவிட்டேன். ஒரு தடவை ஒளித்துச் செய்தது போதும்.

அக்டோபர் 25

"இன்னொரு மூட்டை வாங்கட்டுமாப்பா? உங்க காசுலதான்."

"எதுக்கு? போகத்தானே போறோம்."

"ஏப்ரல்ல திரும்பி வாங்க. விசா இருக்கு."

"பாக்கலாம்."

அப்பாவின் பாக்கலாம் எனக்குத் தெரியும். பாக்கலாம் என்றால் இல்லை.

அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "நான் ஊருக்கு வந்தா, விருந்தாளி வந்திருக்கா, நல்லாக் கவனிங்கங்கிறீங்க. அந்த வீடு எனக்கில்ல. இந்த வீடு உங்களுக்கில்ல. அப்ப நாம ரெண்டு பேரும் எங்கதான்பா ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது?"

அப்பா தட்டைக் கழுவிக்கொண்டு கீழே போய்விட்டார்.

நவம்பர் 2

நேற்றோடு அப்பா மாவு தீர்ந்தது. டின்னைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கடைசி ஒரு நாளைக்குக் குருத்வாராவில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பெட்டி கட்டியாயிற்று. அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நவம்பர் 3

விமான நிலையத்திலிருந்து வந்து எழுதுகிறேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

காலையில் நல்ல மழை. அப்பா குருத்வாராவுக்குக் கிளம்புவார், பிளாஸ்டிக் பையை எடுத்து வைப்போம் என்று திரும்பினேன். அவர் தலைப்பாகைகூடக் கட்டாமல் மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, மழை விட்டப்புறம் போங்க."

"எங்கயும் போகல." மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ அன்னைக்குக் கேட்டியே. எனக்குப் பதில் தெரியல ரூபி. யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல." அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பசிக்குது. ரொட்டி போடு."

"உங்க மாவு தீந்துபோச்சேப்பா."

"அதான் தெரியுமே. இருக்குறதுல போடு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் மாவை எடுத்துப் பிசைந்தேன், ரொட்டி என்றைக்கும் இல்லாத கோணலாக வந்தது. வெண்ணெய் வைத்தேன். ஃப்ரீசரில் வைத்த கடுகுக் கீரை மே மாதத்திலிருந்து அப்படியே இருந்தது, அதைச் சூடு பண்ணினேன். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வைத்தேன். அப்பா முதலில் தண்ணீரைத்தான் எடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார், இன்னும் வேண்டும் என்று.

நாலு ரொட்டி சாப்பிட்டார்.

"கீரையில உப்பு பத்தல" என்றார். எழுந்து கைகழுவி, ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார். "அந்த வேலியோரத்துல நெலம் சும்மாக் கெடக்கு. ஏப்ரல்ல வரப்போ கடுகு விதை எடுத்துட்டு வரேன்." சொல்லிக்கொண்டே கீழே இறங்கித் தலைப்பாகை கட்டப் போய்விட்டார்.

தட்டை எடுக்கவில்லை. சாப்பிட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஓரத்தில் கொஞ்சம் கீரை, ரொட்டியின் கருகிய விளிம்பு ஒரு துண்டு. இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. ஜக்தார் எடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். அது நான் எடுக்க வேண்டிய தட்டு. எடுக்கிறேன், கொஞ்சம் கழித்து.