ஒரு கறைகூட இல்லாத அடுப்பு

என் கவிதா அப்பாவுக்கு,

அங்கேயாவது காலைக் கழுவிவிட்டு உள்ளே போனீர்களா? இங்கே ஒரு நாளும் கழுவினதில்லையே! கடலைக்காட்டுச் செம்மண்ணோடு நேரே அடுப்படிக்கு வந்து நிற்பீர்கள். நான் கத்திக்கொண்டே பின்னால் துடைத்து வருவேன்.

நீங்கள் கண்ணை மூடின பிறகு கத்த வேண்டிய வேலையே இல்லை. போன வாரம் உங்கள் தங்கச்சி வந்து, "வூடு கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அண்ணி" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேலத்தில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற கவிதா லீவுக்கு வந்திருக்கிறாள். இங்கிலீஷில் கிளீன்னஸ், கிளீன்லினஸ் என்று இரண்டு வார்த்தை இருக்கிறதாம். பார்க்க அக்கா தங்கச்சி மாதிரி இருக்கின்றன. முதலாவது, ஒரு பொருள் அழுக்கில்லாமல் இருப்பது. இரண்டாவது, சுத்தமாக வைத்துக்கொள்கிற பழக்கம்.

"அப்ப நம்ம வூட்டுல ரெண்டாவதுதான்டி" என்றேன். சிரித்துக்கொண்டே டீ போடப் போனவள் சிரிக்காமல் திரும்பி வந்தாள்.

"அம்மா, அடுப்புல ஒரு கறகூட இல்ல. தீப்பெட்டி நமுத்துக் கெடக்குது. ராகி மாவுல வண்டு வுழுந்திருக்குது. நீ என்னத்தத்தான் சாப்புடற?"

"கடையில டீயும் பன்னும் வாங்கிக்கறேன். ஒருத்திக்கு எதுக்குடி ஒலை வெக்கணும்?"

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அழுதுவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டை நான் எங்கே சுத்தமாக வைத்திருந்தேன்? அழுக்காக்க ஆளில்லாமல் அது சும்மா கிடந்தது, நானும் அதோடு சேர்ந்து கிடந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மறுநாள் பாப்பாரப்பட்டிக்குப் போய்ப் புது ராகி அரைத்து வந்தோம். களி கிண்டி, கீரை கடைந்தோம். அடுப்பெல்லாம் சிந்தியது. சாப்பிட்டு முடித்து அதைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. ஆனாலும், வயிறு நிறைந்திருந்ததுங்க.

கவிதா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். திங்கட்கிழமை காலையில் நான் எனக்கென்று உலை வைப்பேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வூட்டுக்காரி,
சாந்தி