கத்தியின் மேல் போட்ட பழி

செவ்வாய், இரண்டாம் குடியிருப்பு, மகப்பேறு மனை. எனக்குப் பின் வரும் மருத்துவருக்காக, நாச்சியார் எழுதுவது.

நாள் 411, 09:10
காற்றழுத்தம் சரி. கிருமிநீக்கி சரி. பொற்கொடிக்கு வலி தொடங்கிவிட்டது. குடியிருப்பின் கூரைக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்தவள், வெயில் கண்டதில்லை. அதனால் இடுப்பெலும்பு வளைந்து குறுகியிருக்கிறது.

நாள் 412, 10:40
தலை இறங்கவில்லை. அறுவை இயந்திரம் காலையிலிருந்து ஒரே பாட்டு: "இப்போதே சிசேரியன் செய்யலாம்." ஒலியைக் குறைத்துவிட்டேன். போன மாதம் இங்கே நான் செய்த முதல் சிசேரியனில் தாய் பிழைக்கவில்லை. பூமியிலிருந்து தலைமை மருத்துவர் இரத்தினசபாபதி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொரு சாவு என் பெயரில் வேண்டாம்.

பொற்கொடியே கேட்டாள்: "கிழிச்சு எடுத்துருங்க டாக்டரம்மா. என்னால முடியல."

தானாகப் பிறக்கும், பொறு என்றேன். அது மருத்துவம் இல்லை, பயம்.

நாள் 413, 11:25
காய்ச்சல். நாடி பறக்கிறது. வேறு வழியில்லை என்றான பிறகுதான் இயந்திரத்தை ஏவிக் கிழித்தேன். பெண் குழந்தை, நன்றாக அழுகிறது. நான் தையல் போட்டு முடிப்பதற்குள் பொற்கொடி போய்விட்டாள்.

நாள் 413, 15:00
பூமியில் மகப்பேறு மருத்துவமனைகள் புதிதாக வந்த காலத்திலும் இப்படித்தான் நடந்தது. புகை மூடிய நகரங்களில் வெயில் படாமல் வளர்ந்த பெண்களுக்கும் இதே இடுப்பு. டாக்டர்கள் கிழிக்கப் பயந்து நாள்கணக்கில் காத்திருப்பார்கள். தாய் துவண்ட பிறகு கிழிப்பார்கள். அவள் செத்தால் பழி கத்திக்கு. மாணவர்களிடம் இதைச் சொல்லி எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! அந்த மனிதர்களுக்குக் கருப்பையைத் தைக்கவே தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அப்படியும் பூமிக்கு அனுப்பியது இதுதான்: "மரணத்துக்குக் காரணம் சிசேரியன்." காத்திருந்ததைச் சொல்லவில்லை.

நாள் 415, 09:30
பூமியிலிருந்து: "இரண்டு சிசேரியன், இரண்டு சாவு. அங்குள்ள பெண்களுக்கு இது ஒத்துவராது. இயந்திரத்தின் கத்திகளைப் பூட்டிவிட்டோம். ஆட்சேபம் இருந்தால் காரணம் சொல்லுங்கள், திறக்கிறோம். இரத்தினசபாபதி."

இங்கே வேறு கத்தி கிடையாது. பூமியோடு பேசும் மைக்கை எடுத்தேன். ஆட்சேபம் இல்லை என்று அனுப்பினேன்.

நாள் 430, 08:15
பொற்கொடியின் தங்கை தில்லைக்கரசிக்கு நேற்றிலிருந்து வலி. அதே இடுப்பு.

"நல்லவேளை, கத்தியப் பூட்டிட்டாங்க. எங்கக்காவ அதுதானே கொன்னுச்சு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நாள் 430, 14:50
தலை இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பூட்டு திறந்துவிடும். மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நாளைக் காலை வரை பார்க்கலாம்.