எனக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட பெரிய விமானம்

அனுப்புநர்:
துணை விமானி,
பெரிய விமானப் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
விமான இயக்கப் பிரிவு.

பொருள்: சிறிய விமானத்துக்கு மாறுதல் கோருதல், கேப்டன் பதவி உயர்வு பற்றிப் புதியவர்களுக்கு முன்கூட்டியே விளக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைகளுக்கு நடுவே இப்படி ஒரு மனுவை நீட்டுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நேரில் சொல்லலாம் என்று தங்கள் அறை வாசல் வரை வந்தேன். தாங்கள் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். எழுதினால் குரல் நடுங்காது.

1. பயிற்சி முடிந்த அன்று, மதிப்பெண் வரிசைப்படி எங்களைக் கூப்பிட்டு எந்த விமானம் வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய விமானத்தில் ஒரே ஓர் இடம்தான். மற்றதெல்லாம் பக்கத்து ஊர்களுக்குப் பறக்கும் சிறிய ப்ரொப்பெல்லர் விமானங்கள். முதலில் கூப்பிட்டது என் விடுதி அறைத்தோழியை. அடுத்தது நான். அவர் ப்ரொப்பெல்லரைக் கேட்டார். "மினிபஸ் ஓட்டப் போறியா?" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "பெருசை நீயே எடுத்துக்கோடி" என்றார்.

2. எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு போன் செய்தபோது அம்மா, "அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ பெரிய மனசு, நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த வாழ்த்து பலித்துவிட்டது.

3. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். அங்கே புதிய ஓட்டுநருக்கு உள்ளூர் வண்டி. தலை நரைத்த பிறகுதான் தொலைதூர வண்டி. அதனால் எடுத்த எடுப்பிலேயே பெரியது கிடைத்தால் பாதி ஏணி ஏறியாயிற்று என்று வீடே நம்பியது. அறைத்தோழியின் அப்பா ஓய்வு பெற்ற கேப்டன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசப்பட்டது வேறு. சிறிய விமானத்து கேப்டன்கள் பெரியதற்கு மாறிக்கொண்டே இருப்பார்கள், அந்த இருக்கை சீக்கிரம் காலியாகும். பெரிய விமானத்து கேப்டன் ஓய்வு பெறும் வரை அசையமாட்டார். இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஒரே இஸ்திரிப் பெட்டியில் என்னோடு சட்டை தேய்த்த அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

4. அவர் ஒரே நாளில் நான்கு முறை தரையிறக்குகிறார். நான் கடல் தாண்டும் வரை வானொலியில் தரைக்கட்டுப்பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, சக்கரம் தரையைத் தொடும்போது பெரும்பாலும் மூத்தவர்களின் முதுகுக்குப் பின்னால், கூடுதல் விமானிக்கான இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவில் என்னைப் பெருமையாக "ஜம்போ" என்று கூப்பிடுகிறார்கள். இப்போது அது கேலி போலக் கேட்கிறது.

5. அடுத்த வாரம் அவர் தோளில் கேப்டனுக்குரிய நான்காவது பட்டை ஏறுகிறது. அறிவிப்புப் பலகை முன்னால் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கைகுலுக்கினேன். பிறகு கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வயிறு எரிகிறது, ஐயா. மனுவில் பொய் எழுதக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஆகவே, இனி வருகிறவர்கள் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், எதில் போனால் எப்போது கேப்டன் ஆகலாம் என்று ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டுகிறேன். வீட்டில் கேப்டன் இல்லாதவர்களும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் விமானம் மாறக்கூடாது என்ற விதியைத் தளர்த்தி, என்னைச் சிறிய விமானத்துக்கு மாற்றவும் வேண்டுகிறேன்.

கேட்கலாமா என்று தெரியாமல் கடைசிவரை தள்ளிவைத்த ஒன்று உண்டு. மாறுதல் கிடைத்தால், நானும் கேப்டன் ஆகும் வரை என்னை அவருடன் பணிக்கு அனுப்ப வேண்டாம். அவர் மோசமாக நடத்துவார் என்று அல்ல. யார் தரையிறக்குவது என்பதை கேப்டன்தான் முடிவு செய்கிறார். புறப்படும் முன்பே அவர் என் பக்கம் திரும்பி, "நீயே எடுத்துக்கோடி" என்பார். நானும் எடுத்துக்கொள்வேன். இறங்கிய பிறகு அவருக்கு மறுபடியும் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

பணிவுடன்,
(ஒப்பம்)
துணை விமானி

இடம்: விமானிகள் ஓய்வறை
நாள்: 17.08.2022